நகப்பூச்சுக் கோடு

— கோடு வரைக்கும்தான் இழுக்கறேன். அதுக்கு மேல ஒரு இம்மி கிடையாது.

— எந்தக் கோடு சார்?

— பட்டையில சிவப்பா இருக்கே. மூணு பட்டை, மூணு கோடு. தினமும் காலைல நான்தான் மாட்டி விடறேன். ஒரு நாள் தப்பினதில்ல.

— இது என்ன, பெயின்ட்டா?

— நகப்பூச்சு. இவ அம்மா போட்டது. முதுகுக்குப் போடற இந்த பிரேஸ் கைக்கு வந்த அன்னிக்கு, இந்த அளவுக்கு இறுக்கணும்னு இங்கதான் காட்டினாங்க. பேனால போட்டா அழிஞ்சிடும்னு நகப்பூச்சு வச்சா.

— கெட்டிக்காரங்க. அவங்க வரலியா இன்னிக்கு?

— இல்ல.

— அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க. வயசுப் பொண்ணுங்க சமாசாரத்துல அம்மா கூட இருந்தா...

— அம்மா செத்துட்டாங்க மிஸ். பத்து மாசமாச்சு.

— ஐயோ. மன்னிச்சிடு தங்கம். ஃபைல முழுசாப் படிக்காம வாய விட்டுட்டேன்.

— பரவால்ல. எல்லாரும் கேப்பாங்க.

— கிலுக்கு. மரியாதையாப் பேசு.

— மரியாதையாத்தானேப்பா சொன்னேன்.

— கிலுக்கா? அது என்ன பேரு?

— கிலுகிலுப்பை. சின்னதுல சிரிக்க ஆரம்பிச்சா நிக்காது. பக்கத்து வீட்டுல கதவத் தட்டுவாங்க. இவ அம்மா வச்ச பேரு.

— இப்பவும் தட்டறாங்களா?

— இல்ல. இப்ப சிரிக்கறதில்ல.

— ம். சரி, வேலைக்கு வருவோம். நல்லாக் கேட்டுக்கோங்க சார். போன வருஷம் முதுகு வளைவு இருபத்தேழு டிகிரி. இப்ப முப்பத்திமூணு. பெரிய டாக்டர் என்ன சொன்னார்?

— மூணு மாசம் பாக்கலாம்னார். ஏறிட்டே போனா ஆபரேஷன். முதுகுல கம்பி.

— அது வேண்டாம்னுதான் என்கிட்ட பயிற்சிக்கு அனுப்பிருக்கார். ஆனா நான் என்ன பயிற்சி குடுத்தாலும், பிரேஸ் ஒழுங்காப் போட்டாத்தான் ஆகும். இதுக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கு. உடம்புச் சூட்ட வச்சு எப்பப் போட்டாங்க, எப்பக் கழட்டினாங்கன்னு குறிச்சு வைக்கும். இந்தத் தாளப் பாருங்க. பள்ளிக்கூட நாள்ல எல்லாம் பதினொண்ணே காலுக்குக் கழட்டறா. மூணே முக்காலுக்குத்தான் திரும்பப் போடறா.

— நாலரை மணி நேரம்.

— தினமும்.

— கிலுக்கு. நான் கேட்டப்பல்லாம் என்ன சொன்ன?

— போட்டேன்னு சொன்னேன். மீதி நேரம் போட்டேன்தானே.

— வேளாவேளைக்கு மாட்டி விடறேன். ஆபீசுக்கு லேட்டாப் போறேன். பதினோரு மணிக்குக் கழட்டிப் பையில போட்டுக்கறதுக்கா? முதுகத் தொறந்து கம்பி வைக்கணுமா உனக்கு?

— வச்சா வச்சுக்கட்டும்.

— என்ன?

— வச்சா அப்பறம் இந்த ஆமை ஓடு வேண்டாம் இல்ல. வச்சுக்கட்டும்.

— பாத்தீங்களா? இதுதான். பத்து மாசமா இதுதான். கேட்டா ஒரு வரி. கேக்கலன்னா அதுவும் இல்ல. இவ அம்மா போனதிலேருந்து...

— சார், கீழ காபி மெஷின் இருக்கு.

— வேண்டாம் மேடம்.

— எனக்கு வேணும். சர்க்கரை இல்லாம. உங்களுக்கும் ஒண்ணு. அவசரமில்ல, மெதுவா வாங்க.

— ... சரி. உங்க லிஃப்ட் ரெண்டாம் மாடில தரைக்கு ஒரு விரல் கீழ நிக்குது. யாராவது தடுக்கி விழுவாங்க. சொல்லிடுங்க.

— அப்ப படில போங்க. இன்னும் மெதுவா ஆகும்.

— அப்பா லிஃப்ட் இன்ஸ்பெக்டர் மிஸ். யார் வீட்டுக்குப் போனாலும் மொதல்ல லிஃப்டத்தான் நலம் விசாரிப்பார். கதவச் சாத்தட்டுமா?

— சாத்து. உக்காரு. இங்க நீ சொல்றது, நீ சரின்னு சொல்லாம அப்பாகிட்ட போகாது. பதினொண்ணே காலுக்கு என்ன?

— இடைவேளை.

— இடைவேளைன்னா?

— எல்லாரும் சேந்து உக்காருவோம். உக்காருவாங்க. நான் லைப்ரரிக்குப் போயிடுவேன்.

— ஓட்டக் கழட்டிட்டு.

— மொதல்ல பாத்ரூம். அங்க கழட்டுவேன். அப்பறம் லைப்ரரி. அவ்ளோதான்.

— யாராவது கேலி பண்றாங்களா? ஆமை, கீமைன்னு?

— ஆமைன்னு நானே வச்சுக்கிட்டேன். அதெல்லாம் பிரச்சன இல்ல.

— எங்க இறுக்குது? கைய வச்சுக் காட்டு.

— இங்க. வயித்துல. அதுக்குக் கீழ.

— கீழன்னா?

— ... கீழதான் மிஸ்.

— சரி, நான் கேக்கறேன். நீ தலைய ஆட்டினாப் போதும். இருமினா கொஞ்சம் நனையுதா?

— ம்.

— தும்மினா? குதிச்சா? ஓடினா?

— ஸ்கிப்பிங்ல இருந்தேன். பள்ளிக்கூடத் தரப்புல போட்டிக்குப் போறதா இருந்தது. விட்டுட்டேன். கால் வலின்னு சொல்லிட்டேன்.

— சிரிச்சா?

— சிரிச்சாதான் மிஸ் ரொம்ப. மத்ததெல்லாம் சமாளிச்சிடலாம். தும்மல் வரதுக்கு முன்னாடி தெரியும். சிரிப்பு வரதுக்கு முன்னாடி தெரியாது.

— அழு. பரவால்ல. பஞ்சு இந்தப் பக்கம் இருக்கு.

— அழல. எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. பல்லின்னு கூப்பிடுவோம். ஒல்லியா இருப்பா, எங்கயாவது ஒட்டிக்கிட்டு நிப்பா. அவ வாயத் தொறந்தாலே சிரிப்பு. எல்லா டீச்சர் மாதிரியும் நடப்பா. ஒண்ணாங்கிளாஸ்லேருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு.

— இப்ப?

— பேசறதில்ல.

— சண்டையா?

— சண்ட எல்லாம் இல்ல. அவ ரொம்பச் சிரிக்க வைப்பா. ஒரு நாள் பெஞ்சு நனஞ்சிடுச்சு. தண்ணி பாட்டில் கொட்டிடுச்சுன்னு நானே கொட்டிவிட்டேன். மறுநாள் வேற பெஞ்சுக்குப் போயிட்டேன். ஏன்னு கேட்டு ஒரு வாரம் பின்னாடியே வந்தா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இப்ப அவ வேற யாரையோ சிரிக்க வைக்கறா. லைப்ரரி ஜன்னல்லேருந்து கேக்கும். என்ன சொன்னான்னு கேக்காது. சிரிப்பு மட்டும் கேக்கும்.

— தண்ணி எவ்வளவு குடிக்கற ஒரு நாளைக்கு?

— காலைல ஒரு வாய்.

— சாயங்காலம் வரைக்கும்?

— ஒரு வாய்தான்.

— வெளிக்கு?

— ரெண்டு நாளைக்கு ஒருக்க. சில சமயம் மூணு. உள்ள கல்லு மாதிரி இருக்கும்.

— கேட்டுக்கோ தங்கம். நீ தண்ணி குடிக்காததால அது கல்லாகுது. கல்லு பக்கத்துல இருக்கற மூத்திரப்பைய முட்டுது. நீ மிச்சப்படுத்தறதா நெனச்சு இன்னும் இழுத்து விட்டுக்கற. சரி, சிரிப்பு வந்தா எப்படி சமாளிப்ப?

— காலப் பின்னிக்குவேன். ஒரு கால் மேல ஒரு கால். எதையாவது கெட்டியாப் புடிச்சுக்குவேன்.

— அது யார் சொல்லிக் குடுத்தா?

— ... யாரும் இல்ல. நானேதான்.

— எழுந்து நில்லு. ஓட்டக் கழட்டறேன். அம்மாடி, விலாவுல எப்படிப் பதிஞ்சிருக்கு பாரு. எவ்வளவு நாளாச்சு இது?

— தெரியல. இருக்கும்.

— இப்ப மூச்சு இழு. எங்க போகுது?

— தோளுக்கு.

— தோள்லயா நுரையீரல் இருக்கு? என் கை இருக்கற எடத்துல இழு. வயிறு பெருக்கட்டும். யாரும் பாக்கல, தொப்பையா ஆகட்டும். விடு. இப்ப கீழ என்ன தோணுது?

— இறுக்கிப் புடிச்சிருக்கேன்.

— யார் புடிக்கச் சொன்னா?

— எப்பவும் புடிச்சுத்தான் இருப்பேன்.

— அதான் சங்கதி. நாள் பூரா முஷ்டிய மூடியே வச்சிருந்தா, சாயங்காலம் ஒரு பென்சில் கூடப் புடிக்க முடியாது. அங்கயும் தசைதான். இறுக்கத் தெரிஞ்சாப் போதாது, விடவும் தெரியணும். அதத்தான் மொதல்ல சொல்லிக் குடுக்கப் போறேன். இது உன் தப்பு இல்ல. நீ மட்டும் இல்ல. இந்த நாற்காலில உக்காந்து இதையே சொன்ன பொண்ணுங்க நிறைய. எல்லாரும் அவங்க ஒருத்தருக்குத்தான்னு நெனச்சிட்டு வராங்க.

— நெசமாவா?

— பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? அப்பாகிட்ட சொல்லணும் தங்கம். இந்த ஓடு உனக்குச் சின்னதாயிடுச்சு. புதுசு செய்யணும். ஏன்னு அவர் கேப்பாரு.

— புதுசு வேண்டாம்.

— ஏன்?

— இதுலதான் அம்மா போட்ட கோடு இருக்கு.

— ம்.

— அப்பா தினமும் மாட்டறப்ப அந்தக் கோட்ட ஒரு தடவ தொடுவார். தொட்டுட்டுத்தான் இழுப்பார். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் அம்மா பேச்சு எடுக்கறதில்ல. அந்தக் கோடு ஒண்ணுதான் எங்களுக்கு அம்மா பேச்சு.

— அதுக்காக நனஞ்சுக்கிட்டே இருப்பியா? படில சத்தம் கேக்குது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா, யாரும் சொல்ல வேண்டாமா?

— நீங்க சொல்லுங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன். முடிஞ்சதும் கூப்பிடுங்க.

— காபி. சர்க்கரை இல்ல. ரெண்டாம் மாடில நின்னு அளந்தேன். ஒரு விரல் இல்ல, ஒண்ணரை.

— உக்காருங்க சார். பொண்ணு சொல்லச் சொல்லிருக்கா, அதனால சொல்றேன். இவளுக்குச் சிரிச்சா, குதிச்சா, இருமினா கொஞ்சம் மூத்திரம் போயிடுது. ஒரு வருஷமா. அதனாலதான் பள்ளிக்கூடத்துல பிரேஸக் கழட்டறா. திமிரு இல்ல.

— இதுக்கும் முதுகுக்கும் என்ன?

— முதுகு ஒரு பக்கம் வளஞ்சா இடுப்பும் ஒரு பக்கம் சாயும். இடுப்புக்கு அடியில தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்கு. மூத்திரப்பை, குடல் எல்லாத்தையும் அதுதான் தாங்குது. தொட்டிலோட ஒரு கயிறு ஏறி, ஒரு கயிறு இறங்கினா? அதோட, மேல பிரேஸ் வயித்தப் புடிக்குது. பற்பசை ட்யூப நடுவுல அழுத்தினா எங்க வரும்? எல்லாப் புள்ளைங்களுக்கும் இப்படி ஆகும்னு இல்ல. ஆனா ஆகறவங்க வாயத் தொறக்கறதில்ல. நாங்களும் டிகிரியக் கேக்கறோம், மணி நேரத்தக் கேக்கறோம், இதக் கேக்கறதில்ல.

— துணி?

— என்ன சார்?

— கிலுக்கு. துணி நீயே துவைச்சுக்கற. அதுக்குத்தானா?

— ம்.

— சோப்பு சீக்கிரம் தீந்தது. பொறுப்பு வந்துடுச்சுன்னு நெனச்சேன். உங்க பாட்டிக்கு ஃபோன் பண்ணிப் பெருமையாச் சொன்னேன்.

— தெரியும். கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

— மேடம், கோடு வரைக்கும்தான் இழுத்தேன்.

— அதுதான் சார் சிக்கல். இந்தக் கோடு போட்டு எவ்வளவு நாளாச்சு?

— பதினாலு மாசம்.

— அப்ப இவ உயரம் நூத்தி நாப்பத்தெட்டு சென்டிமீட்டர். இன்னிக்கு அளந்தேன், நூத்தி அம்பத்தஞ்சு. நாலு மாசத்துக்கு ஒருக்கா பிரேஸக் காட்ட வரணும். ஒரு தடவதான் வந்திருக்கீங்க.

— தேதி எல்லாம் இவ அம்மாதான் வச்சிருப்பா. நாட்காட்டில எழுதி வைப்பா. நாட்காட்டி மாத்தல நான். போன வருஷத்துதான் மாட்டிருக்கு.

— அம்மா இல்லாததுக்கு அப்பறம் நீங்களும் ஒரு நாள் தவறாம...

— எங்க வேலைலயும் கோடு போடுவோம் மேடம். லிஃப்ட் கயித்துல. மஞ்ச பெயின்ட். இந்தக் கோடு இங்க வந்தா லிஃப்ட் இந்த மாடில நிக்குதுன்னு அர்த்தம். ஆனா கயிறு நீளும். நீள நீளக் கோட்ட அழிச்சு மாத்திப் போடணும். போடலன்னா தரைக்கு ஒரு விரல் கீழதான் நிக்கும். நேத்து ஒரு பையன இதுக்குத் திட்டினேன். நீள்ற கயித்துல பழைய கோடு எதுக்குடான்னு கேட்டேன்.

— அப்பா.

— ஆறு டிகிரி ஏறினது என் கையால.

— அப்படிச் சொல்லக்கூடாது சார். வளர்ற வயசு, அதுவாவும் ஏறும். இப்பவும் நேரம் இருக்கு. புது பிரேஸ் அளவெடுத்துடலாம். வயித்துக்கு எடம் விட்டுச் செய்யச் சொல்றேன். வாரம் ஒரு நாள் என்கிட்ட மூச்சுப் பயிற்சி. தண்ணி குடிக்கணும், நேரத்துக்கு வெளிக்குப் போகணும். ரெண்டு மூணு மாசத்துல நல்லா வித்தியாசம் தெரியும்னு நம்பறேன்.

— அப்பா, அந்தப் பட்டைய மட்டும் கழட்டித் தருவாங்களான்னு கேளு.

— தரேன் தங்கம். மூணையும் தரேன்.

— புதுசுல யார் கோடு போடறது?

— நகப்பூச்சு பாட்டில் இருக்கு. பீரோல.

— காஞ்சிருக்கும்பா.

— தெரியல. தொறக்கல.

— சரி, அத அப்பறம் பேசிக்கலாம். சார், நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இவ சிரிக்காதது...

— நான் சொல்றேன் மிஸ். அப்பா, நீ எல்லார்கிட்டயும் சொல்ற, அம்மா போனதிலேருந்து இவ சிரிக்கறதில்லன்னு. அம்மாவுக்காக இல்லப்பா. அம்மாவுக்காக அழுதேன். சிரிக்காம இருந்தது இதுக்கு. நீ தப்பாவே புரிஞ்சுக்கிட்ட, நானும் விட்டுட்டேன். வசதியா இருந்தது.

— அந்த வீடியோ போட்டா எழுந்து போயிடுவியே. அதுவும் இதுக்குத்தானா?

— என்ன வீடியோ சார்?

— இவ அம்மா சிரிக்கறது. எடுத்து ரெண்டு வருஷம் இருக்கும். நான் மாவு பிசையறேன்னு ஆரம்பிச்சு கைய எடுக்க முடியாம ஒட்டிக்கிட்டு நிக்கறேன். இவ எடுத்தா. காட்டட்டுமா? அரை நிமிஷம்தான்.

— காட்டுங்க.

— அப்பா, வேண்டாம்.

— அரை நிமிஷம் கிலுக்கு. இதோ. தினமும் பாப்பேன் மேடம். தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ. ஓவர்டைம் பண்ணின நாள்ல ரெண்டு தடவ.

— எவ்வளவு அழகாச் சிரிக்கறாங்க.

— கதவு நெலையப் புடிச்சுக்குவா பாருங்க. மடங்கிடுவா அப்படியே. காலப் பின்னிக்கிட்டு. சிரிப்பு தாங்காம. அந்த மாதிரி யாராலயும் சிரிக்க முடியாது. பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான், நான் ஏதோ உளறினேன், நாற்காலி முதுகப் புடிச்சுக்கிட்டு, காலப் பின்னிக்கிட்டு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தச் சிரிப்ப நாம வாழ்நாள் பூரா வாங்கணும்னு. அதுக்காகவே கோமாளித்தனம் பண்ணுவேன். ஆபீஸ்ல சொன்னா நம்ப மாட்டாங்க.

— சார். கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. அங்க நிறுத்துங்க.

— ஏன்?

— தோளப் பாருங்க. வலது பக்கம்.

— அவளுக்கு எப்பவும் கைப்பை அந்தப் பக்கம் நழுவும். நான்தான் எடுத்துப் போடுவேன். தெருவுல நடக்கறப்ப அதுவே ஒரு வேலை எனக்கு.

— அவங்க முதுக யாராவது பாத்திருக்காங்களா?

— நான் பாத்திருக்கேன். பதினாலு வருஷம்.

— கோணலாத் தெரியலியா?

— அது அவ முதுகு மேடம். அவ முதுகு அப்படித்தான்னு நெனச்சேன்.

— இது சில குடும்பத்துல அம்மாகிட்டேருந்து பொண்ணுக்கு வரதுண்டு. சார், அவங்க கால்...

— கால் என்ன?

— அப்பா. நான் ஏன் எழுந்து போறேன்னு கேட்டியே. எனக்கு அதுல அவங்க கால்தான் கண்ணுல படும். உனக்குத் தெரியாது. அதனாலதான்.

— என்ன சொல்ற நீ?

— ஓடு போட்ட மூணாவது மாசம் எனக்கு மொத தடவ ஆச்சு. அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா திட்டல. பயப்படல. என்னப் பாத்ரூம்ல நிக்க வச்சு, காலப் பின்னு, எதையாவது கெட்டியாப் புடிச்சுக்கோ, லேசாக் குனி, யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. எனக்கும் உன் வயசுலேருந்து இப்படித்தான்டின்னாங்க. அடுத்த மாசம் டாக்டரப் பாக்கலாம், ரெண்டு பேருக்கும் சேத்துன்னாங்க. அதுக்குள்ள அந்த நாலு நாள் காய்ச்சல்ல போயிட்டாங்க.

— பதினாலு வருஷம். என்கிட்ட ஏன்... அப்பாகிட்ட சொல்லலாமேம்மான்னு நீயாவது கேட்டியா?

— கேட்டேம்பா. "நான் சிரிச்சா உங்கப்பா என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாருடி, சொல்லிட்டா அப்பறம் காலத்தான் பாப்பாரு"ன்னாங்க.